நூற்று அறுபது மீட்டர்

அறுந்து தொங்குகிற கோட்டைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. முப்பது வருடமாக வரைபடம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு வந்த வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை என்றால் அதற்கு இரண்டு முனை வேண்டும். ஊரிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து கணவாய்க்கு. எங்கிருந்தோ வந்து எங்கேயும் போகாமல் நடுமலையில் நின்றுவிடுகிற கோட்டை நாங்கள் ‘தொங்கல்’ என்போம். அப்படி ஒன்று இருந்தால் கருவி தப்பாகப் படித்திருக்கிறது என்று அர்த்தம். இருநூறு மீட்டருக்குள் இன்னொரு முனை கிடந்தால் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் அழித்துவிடு. இதுதான் விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான். பெயர் இசக்கியப்பன், வள்ளியூர்ப் பக்கம். முகாமில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

அரபு நாடு ஒன்றில், தர்வான் மலைத்தொடரின் அடிவாரத்தில் அப்போது எங்கள் முகாம். நாலு பக்கமும் கருங்கல்லும் சரளையும்தான், பேருக்கு ஒரு மரம் கிடையாது. பதினான்கு மாத வேலை முடிகிற வாரம் அது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரைபடத்துக்கு முத்திரை விழும். விழுந்துவிட்டால் அந்த நாட்டின் ஒவ்வொரு போனிலும் வண்டியிலும் அடுத்த பத்து வருடத்துக்கு அதுதான் வரைபடம். ஒரு புள்ளியைக்கூட யாரும் அசைக்க முடியாது.

திங்கட்கிழமை காலையில் தவச்செல்வி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அரியலூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்துநாலு வயது. நான் போடும் கோடுகளைச் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

“அண்ணாச்சி, தொங்கலையெல்லாம் இன்னிக்கே அழிச்சிடுவீங்களா?”

“பின்ன, ஊறுகாயா போடச் சொல்லுத?”

அவள் சிரிக்கவில்லை. “அழிக்கறதுக்கு முன்னால ஒருதடவை நான் பாக்கணும்.”

அவள் கணவன் குணாளனைப் பற்றி அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். மலைக்குக் கிழக்கே ஒரு கல்குவாரியில் வேலை பார்த்தவன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, ஊருக்கு விட மாட்டேன் என்றிருக்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில், இன்னும் இரண்டு பேரோடு கால்நடையாகவே மலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடலாம் என்று கிளம்பியிருக்கிறான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பிணமும் கிடைக்கவில்லை.

“கல்யாண வீட்டுல ஆரத்தி எடுக்கக் கூப்பிடுறாங்க அண்ணாச்சி. நான் தட்டைத் தொடப் போறப்ப, எவளாவது ஒருத்தி ‘இரு, இவ எடுக்கலாமா’ன்னு கேக்குறா. அதுக்கு அங்க யாருக்கும் பதில் தெரியல. எனக்கும் தெரியல. ஒன்பது வருஷமா தட்டைத் தூக்கறதும் வக்கறதுமா இருக்கேன்.” என் திரையைக் காட்டி, “அவரு மலையில எங்கயாவது நின்னுபோயிருந்தா, அது உங்க தொங்கல்லதானே இருக்கும்?” என்றாள்.

முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கே தோன்றியதில்லை என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. “பாத்துக்கோ” என்றேன்.

எங்களிடம் இருந்த கருவியை நாங்கள் ‘மிதிமானி’ என்போம். ட்ரோனில் கட்டி மலைமேல் பறக்கவிட்டால், எத்தனை பேர், எந்தக் காலத்தில், எந்த வழியாக நடந்தார்கள் என்று சொல்லிவிடும். எங்கள் வழிகாட்டி முஸல்லம் அன்று தேநீர் வேளையில் இதைப் பற்றிக் கேட்டார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும்.

“முஹந்திஸ், என் தாத்தா நடந்ததை உங்கள் பூச்சி எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்ஜினியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அரைகுறை அரபியில் விளக்கினேன். “இங்கே கிடக்கிற கல்லுக்கு மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. வெயிலும் தூசியும் சேர்ந்து அந்தக் கறுப்பை ஏற்றப் பல நூறு வருடம் ஆகும். ஒருவர் மிதித்தால் சின்னக் கல் புரண்டு வெளுப்பு மேலே வரும். அது மறுபடி எவ்வளவு கறுத்திருக்கிறது, மேலே எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்று பார்த்தால் காலம் தெரிந்துவிடும். பழைய தடமென்றால் நூறு வருடம் முன்னே பின்னே இருக்கும். போன இருபது வருடத்துத் தடமென்றால் மாதத்தையே சொல்லிவிடும். நடந்தவருடைய கனம், காலடி எட்டின் நீளம், நொண்டினாரா என்பது வரைக்கும் தெரியும்.”

“அப்படியானால் இனி இந்த மலையில் ஒருவனும் ஒளிந்து நடக்க முடியாது.”

“முடியவே முடியாது” என்றேன், ஏதோ நானே மலையைச் செய்துவைத்த மாதிரி. முஸல்லம் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மறுநாள் தவச்செல்வி குப்பையைக் கிளறினாள். மொத்தம் இரண்டாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் தொங்கல்கள். வழிதப்பிய ஒட்டகம், சாம்பிராணி வணிகர் கூட்டத்திலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பிரிந்துபோன யாரோ, ஆட்டைத் தேடிப் போன வெறுங்கால் பெண். பழையதை ஒதுக்கிவிட்டு, பத்து வருடத்துக்குள் உள்ளது, வேலைக்காரர் பூட்ஸ், கிழக்கிலிருந்து மேற்கே போவது என்று சலித்தாள். நாற்பத்தொன்று மிஞ்சியது.

அவற்றைத் திரையில் போட்டாள். வழிதெரியாமல் திரிகிறவனின் கோடு மலையெங்கும் அலைந்து சிதறும். இவை அப்படி இல்லை. நாற்பத்தொன்றும் பழைய சாம்பிராணிப் பாதையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரே இடத்தில் நின்றிருந்தன.

“இதுல மூணு, அந்த அக்டோபர்” என்றாள். மூன்றில் ஒன்றைத் தொட்டாள். இடது எட்டு வலதைவிடக் கொஞ்சம் குறைவு. “பைக்ல விழுந்ததுலேருந்து அவருக்கு இடது காலு அரை அங்குலம் குட்டை. இது அவருதான்.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஏம்மா, நாப்பத்தொரு பேரும் ஒரே இடத்துல நின்னுருக்கான்னா என்ன அர்த்தம்? அங்க வண்டி வந்து ஏத்திட்டுப் போயிருக்கும். கடத்திக் கொண்டு போறவன் எவனாவது இருப்பான்.”

“நிஜமாவா அண்ணாச்சி?”

“பின்ன, மனுசன் ஆவியா போவான்?”

வண்டி ஏறுகிற மலையா அது? கழுதையே மூச்சுவாங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்று மதியம் அவள் பதினான்கு மாதத்தில் முதல்தடவையாக இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் முஸல்லத்தைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். நான்கு மணி நேர ஏற்றம். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை, பாதிவழியில் அவரே முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஒட்டகங்கள் தேய்த்த பாறை வழவழவென்றிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. அதற்கு அப்பால் பத்து எட்டு. அதோடு மலை முடிந்துவிட்டது.

நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே அறுபது, எழுபது ஆள் ஆழம். எதிர்ப்பக்கம் பாதை விட்ட இடத்திலேயே மறுபடி தொடங்கி, பேரீச்சை நிற்கிற ஒரு கிணற்றுக்கு இறங்கிப் போனது.

“என் அப்பா பிள்ளையாக இருந்தபோது மலை குலுங்கியது” என்றார் முஸல்லம். “நடுப்பாறை அப்படியே சரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் தெற்கே சுற்றித்தான் கிணற்றுக்குப் போகிறோம், அரைநாள் கூடுதல். மூடின பாதைக்குக் குறுக்கே கல் வைப்பது எங்கள் வழக்கம். குழந்தைகூடத் தாண்டாது. முதலில் ஒற்றை வரிசைதான் இருந்தது. இவர்கள் தாண்டித் தாண்டி விழ, வருடா வருடம் உயர்த்திக்கொண்டே வருகிறோம். அப்படியும் தாண்டுகிறார்கள். வெயிலுக்கும் காவலுக்கும் பயந்து இருட்டில் வருகிறார்கள். கையில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்தபடி வருகிறார்கள், முஹந்திஸ். தரையைப் பார்ப்பதில்லை.”

போனை எடுத்தேன். நாங்கள் இன்னும் முத்திரையிடாத புதிய வரைபடத்தை அல்ல, எல்லோர் போனிலும் இருக்கிற பழையதைத் திறந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நான் போட்டது. அதில் சாம்பிராணிப் பாதை கிழக்கிலிருந்து வந்து, நான் நின்ற இடத்தைத் தாண்டி, அந்தரத்தில் நேராக ஓடிக் கிணற்றில் சேர்ந்தது.

இரண்டு முனைக்கும் நடுவே நூற்று அறுபது மீட்டர். இருநூறுக்குள் இருந்ததால் ஒட்டிவிட்டேன். அந்த விதிக்காக எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

தவச்செல்வி தன் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைசி வரைக்கும் எட்டு ஒரே அளவுதான் அண்ணாச்சி. ஒரு இடத்துல கூடத் தயங்கல. கல்லைத் தாண்டின பிறகும் தயங்கல.” பிறகு சொன்னாள், “கிளம்பறதுக்கு முன்னால பேசினாரு. மேப்புல வழி போட்டிருக்கு செல்வி, நேரா கிணத்துக்கே கொண்டுபோய் விடுது, பயப்படாதன்னாரு.”

பொய் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை. “அந்த மேப்பு நான் போட்டதும்மா.”

“தெரியும். ஓரத்துல உங்க பேரு இருந்துச்சே. உங்ககிட்ட வேலைக்கு வந்ததே அதுக்குத்தான். வழி போட்டவருக்கு அவரு போன இடம் தெரியும்னு நெனச்சேன்.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்த விளிம்பிலிருந்து என்னைத் தள்ளியிருந்தாலும் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். அவள் கல்வரிசைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் நின்றுகொண்டே அழுதேன். முஸல்லம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

முஸல்லத்தின் ஆட்கள் பள்ளத்தில் கண்டெடுத்தவர்களைத் தெற்குச் சரிவில் அடக்கம் செய்திருந்தார்கள். இறங்கும் வழியில் எங்களுக்குக் காட்டினார். இருபத்தொன்பது மேடுகள். போலீசுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். “சொன்னால், ஓடிவந்தவர்களுக்கு யார் தண்ணீர் கொடுத்தது என்று எங்களைத்தான் கேட்பார்கள்” என்றார்.

“அந்த அக்டோபர்?” என்று தவச்செல்வி கேட்டாள்.

முஸல்லம் அடுத்தடுத்து இருந்த இரண்டு மேடுகளைக் காட்டினார். மூன்றாவது இல்லை. “அடுத்த வாரம் வெள்ளம் வந்தது. பள்ளத்தில் வெள்ளம் வந்தால் எதையும் விட்டுவைக்காது” என்றார்.

அவள் அந்த இரண்டு மேடுகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

முகாமுக்கு வந்ததும் தலைநகரிலிருந்த எங்கள் மலையாளி மேலாளர் வர்கீஸைப் போனில் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை.

“அண்ணாச்சி, ஞான் பறயறது கேளுங்க. அந்த ஒரு ஒட்டை மட்டும் எடுத்துடுங்க. கருவிப் பிழைன்னு போட்டா உங்க ஒரு கையெழுத்து போதும். நாளைக்கு முத்திரை விழுந்தா அந்தப் பாதை மேப்பிலேயே இருக்காது. இனி ஒருத்தனும் விழ மாட்டான். யாருக்கும் தெரியவும் செய்யாது.”

“மத்த ஒட்டு?”

“மத்த ஒட்டிலும் ஆள் விழுந்ததா என்ன தெரியும்?”

தெரியாது. அதுதானே விஷயம். அந்த நாடு முழுக்க என் விதி ஒட்டிவைத்த இடங்கள் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. எது பாறை, எது பள்ளம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பிரித்துவிட ஒரே வழிதான் உண்டு. விதியையே வாபஸ் வாங்கவேண்டும். அதற்கு ஒரு படிவம். காரணம் எழுதவேண்டும், அந்தப் பிழையால் எத்தனை உயிர் போனது என்று எண் போடவேண்டும், போட்டவரும் சரிபார்த்தவரும் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் இட்டாகவேண்டும். இல்லாவிட்டால் விதி தானாகவே ஓடி எல்லாவற்றையும் மறுபடி ஒட்டிவிடும்.

வியாழன் காலையில் காரணத்தை எழுதினேன். ‘கண்ணால் காணாத இடத்தில் கோடு போட்டேன். அதை நம்பி நடந்தவர்கள் இறந்தார்கள்.’ எண்: 41. அடக்கம் செய்தவர்கள் யார் என்று எழுதவில்லை. என் கையெழுத்தைப் போட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினேன். வழக்கு வரும், கேடயம் போகும், ஜெயிலும் இருக்கலாம். அத்தனைக்கும் துணிந்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. மனுசப் பிறவி எதற்குத்தான் பெருமைப்படாது!

அவள் கையெழுத்துப் போடவில்லை. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது.

“ரெண்டு மேடுதானே இருந்துச்சு அண்ணாச்சி” என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மூணு பேரு போயி, ரெண்டு பேருதான் கிடைச்சிருக்காங்க. ஒருத்தரு எங்கயாவது பாறையப் புடிச்சு, மெதுவா ஏறி… இருக்கலாம்ல? நான் இதுல கையெழுத்துப் போட்டா, அவரை நானே கொன்ன மாதிரி ஆயிடும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கையெழுத்துக்கு விலை என் பெயர்தான். அவள் கையெழுத்துக்கு விலை அவள் புருஷன். வர்கீஸ் சொன்ன வழி எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும் வசதியான வழி. ஒட்டை ஓசைப்படாமல் எடுத்துவிட்டால் நான் யோக்கியனாக இருக்கலாம், குணாளன் உயிரோடு இருக்கலாம். மற்ற ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்பது இடத்திலும் யாராவது கையிலிருக்கிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

பதினொன்று நாற்பது. எனக்கு ஒரு யோசனை வந்தது. இரக்கத்தில் வந்ததுதான், சத்தியமாக.

“ஏம்மா, நாப்பதுன்னு போடுவமா? விதி வாபஸ் ஆகதுக்கு நாப்பதே தாராளம். ஒண்ணு குறைஞ்சா யாரு கேக்கப் போறா? நீ நெனைக்கிற மாதிரி நெனைச்சுக்கிட்டு இருக்கலாம்லா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆசை இருந்தது அந்தப் பார்வையில், நான் பார்த்தேன். விரல் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கேயே இருந்தது.

“அவரு தடம் எங்க முடியுதுன்னு கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன்” என்றாள் கடைசியில். “அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. இருக்குன்னு நான் போட்டா, அதுவும் ஒட்டுப் போடறதுதானே அண்ணாச்சி?”

இத்தனை நடந்தபிறகும் நான் இன்னொரு தடவை ஒட்டத்தான் பார்த்திருக்கிறேன்.

“நாப்பத்தொண்ணு” என்று வாய்விட்டுச் சொன்னாள். எண் சரியாக இருக்கிறதா என்று எப்போதும்போல விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

திரையில் நாடு முழுவதும் ஒட்டுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. சாம்பிராணிப் பாதை மலைமேல் ஏறி, பள்ளத்தின் விளிம்பில் நின்றது. பார்க்கவே அலங்கோலமாக இருந்தது அந்த வரைபடம். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே சரியான வரைபடம் அதுதான்.

தவச்செல்வி போனை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் வாசலுக்குப் போனாள். ஊரில், அவள் மாமியார் வீட்டில், அப்போது மதியம் கடந்திருக்கும். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இருங்க என்று கையால் சொன்னாள்.

“அத்தை, நான்தான் பேசுறேன்” என்றாள். “சாப்பிட்டாச்சா? …சரி. பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்களைக் கூப்பிட்டு வச்சுக்குங்க. நீங்க கீழ உக்காந்துக்குங்க அத்தை.”